பதினேழு மாத மூப்பு

ஜோதிகாவைப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன் மூன்று நாள் வீட்டில் பயிற்சி நடந்தது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று கணக்கு. தொடாவிட்டால் அடுத்த வருடம் வா என்பார்கள். ஜோதிகாவின் விரல்கள் காதுக்கு மேலே முடிக்குள்ளேயே நின்றுவிட்டன.

"அப்டி இல்ல பாப்பா. தலைய லேசா இந்தாண்ட சாய்ச்சிக்கோ. சாய்க்கறது டீச்சருக்குத் தெரியக் கூடாது." குப்பம்மா மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பழக்கினாள். மூன்றாம் நாள் மாலை கழுத்து வலித்துக் குழந்தை அழுதது.

அது 2006 ஜூன். ஜோதிகாவுக்கு அப்போது மூன்று வயது ஏழு மாதம்.

குத்தம்பாக்கத்தை ஒட்டிய ஒரு காலனியில் அவர்கள் வீடு இருந்தது. குப்பம்மா நடவுக்கும் களை எடுக்கவும் போய்க்கொண்டிருந்தாள். அவள் கணவர் நாகப்பன் செங்கல் சூளையில் இருந்தார். குழந்தையை வரப்பில் உட்கார வைத்துவிட்டு வேலை செய்தால், அது சேற்றில் இறங்கிவிடுகிறது என்று நிலத்துக்காரர் கத்தினார். பால்வாடி மதியத்தோடு மூடிவிடும். அங்கிருந்து கூட்டி வர வீட்டில் ஆள் இல்லை. பள்ளி என்றால் நான்கு மணி வரை உட்கார்ந்திருக்கும், மதியம் முட்டையோடு சாப்பாடும் கிடைக்கும். குப்பம்மா யோசித்தது அவ்வளவுதான்.

பள்ளியில் தலைமை ஆசிரியை குழந்தையின் சாய்ந்த தலையைப் பார்த்தார். குப்பம்மாவின் காலில் காய்ந்திருந்த சேற்றையும் பார்த்தார். பதிவேட்டில் 5.6.2001 என்று எழுதிக்கொண்டார். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகள் பலருக்கும் அந்தப் பதிவேட்டில் ஜூன் மாதம்தான் பிறந்தநாள்.

அப்படி ஒரு நிமிடத்தில் ஜோதிகாவுக்குப் பதினேழு மாதம் கூடியது.

பன்னிரண்டு வருடமும் அவள்தான் வகுப்பில் குள்ளம். முதல் பெஞ்சு அவளுக்கு நிரந்தரம். ஒன்றாம் வகுப்பில் பாதி நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெஞ்சிலேயே தூங்கிவிடுவாள் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாள். பத்தாம் வகுப்பில் உடன் படித்தவர்கள் எல்லோரும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அவள் மட்டும் வரவில்லை. பின் பெஞ்சுப் பெண்கள் அவளுக்கு ஏதோ குறை இருக்கிறது என்று பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்தது. குப்பம்மாகூட ஒருமுறை பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் சீட்டில் வயதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். அப்போதும் குப்பம்மா உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம்.

பிளஸ் டூ முடித்தபோது உண்மையில் அவளுக்குப் பதினைந்து வயது. பி.காம். படிக்க வேண்டும் என்று விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். அந்த வருடம்தான் நாகப்பன், சூளையை விட்டுப் போய்ச் சேர்ந்திருந்த கிடங்கில் மூட்டை சரிந்து காலை ஒடித்துக்கொண்டார். ஒரு வருஷம் பொறு என்றார். பொறுத்தாள். அடுத்த ஜூனில் காலனிக்கு ஒரு வேன் வந்தது. பதினெட்டு முடிந்த பெண்களுக்கு அம்பத்தூரில் வேலை, போக வர பஸ், சாப்பாடு என்று மைக்கில் சொல்லிக்கொண்டே போனது. ஜோதிகா காகிதத்தில் பதினெட்டு முடித்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

"பாத்தியா, அன்னிக்கி வயசு ஏத்திப் போட்டது இன்னிக்கி ஒதவுது," என்றாள் குப்பம்மா.

அது கார்களுக்குள் ஓடும் வயர்க் கட்டுகளைத் தயாரிக்கும் கம்பெனி. கதவு உயரப் பலகைகள் வரிசையாக மெதுவாக நகர்ந்து வரும். ஒவ்வொருத்தியும் தன் பங்கு வயர்களை ஆணிகளுக்கு நடுவே ஓட்டி, டேப் சுற்றி, பலகை தன்னைத் தாண்டுவதற்குள் முடித்துவிட வேண்டும். பலகை யாருக்காகவும் நிற்காது. எட்டு மணி நேரமும் நின்றபடிதான் வேலை. முதல் வாரத்தில் ஜோதிகா இரண்டு முறை மயங்கி விழுந்தாள். உயரம் போதாததால் காலுக்குக் கீழே ஒரு மரப்பலகை போட்டுக் கொடுத்தார்கள். "இன்னா பாப்பா, இஸ்கூலுக்குப் போவாம இங்க வந்துட்ட," என்று கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர் தினமும் கேட்பார். அவள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். பத்து நாள் கழித்து வந்தால் புது எண்ணில் புது அட்டை. போன வாரம் வரை அவள் வேலை கற்றுக் கொடுத்த பெண்களோடு சேர்ந்து அவளும் புதிதாக வந்தவளாக வரிசையில் நிற்பாள். ஊரடங்கு வந்தபோது அட்டையே இல்லாமல் பல மாதங்கள் போயின. 2022 பிப்ரவரியில்தான் விதி மாறியது. இனி மூன்று வருடம் இடைவெளி இல்லாமல் பயிற்சி, அது முடிந்ததும் நிரந்தர வேலைக்கான தேர்வு. தேர்வு நாளன்று இருபத்து நான்கு வயது தாண்டியிருக்கக் கூடாது.

ஜோதிகா அந்த மூன்று வருடத்தை ஒரு நாள் விடாமல் கழித்தாள். கண்ணால் பார்க்காமலே விரலில் உருட்டிப் பார்த்து, தடிமன் மாறிய வயரைக் கண்டுபிடித்துவிடுவாள். நிரந்தரம் ஆனவர்களை மட்டும்தான் சோதனைப் பிரிவில் போடுவார்கள். அங்கே நாற்காலி உண்டு. சட்டைப் பையின் மேல் எண்ணுக்குப் பதிலாகப் பெயர் தைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை மாறாது. அஞ்சல் வழியில் பி.காம். சேர்ந்தால் ஞாயிறு வகுப்புக்குப் போகலாம். விண்ணப்பத்தைப் புதிதாக வாங்கியும் வைத்துவிட்டாள்.

தேர்வு ஏப்ரல் இருபத்தொன்று என்று அறிவித்திருந்தார்கள். பிறகு கார் கம்பெனியிலிருந்து ஆடிட் வருகிறது என்று தள்ளிப்போட்டார்கள். மே மாதக் கடைசியில் கேன்டீன் பலகையில் புதிய தேதி ஒட்டியிருந்தது. அவளோடு அதே வரிசையில் வேலை செய்கிற சபீனா எட்டிப் படித்தாள்.

"ஜூன் பதினாறுடி. இன்னும் மூணு வாரம் கூட முழுசா இல்ல."

ஜோதிகா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஜூன் ஐந்தாம் தேதி அவளுக்கு இருபத்து நான்கு முடிகிறது. பதினோரு நாள் அதிகம்.

"இன்னாடி, சோறு ஆறுது."

"எனக்கு வயசு தாண்டிடும்."

"யாருக்கு, உனக்கா? மூஞ்சியக் கண்ணாடில பாத்துகினு பேசு. உன்ன இப்பவும் கண்டக்டர் ஸ்கூல் பாஸ் கேக்கறான்."

அப்போதுதான் அவள் முதல்முறையாக வெளி ஆள் ஒருத்தியிடம் காது தொட்ட கதையைச் சொன்னாள். சபீனா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப நெஜமான சர்டிபிகேட்டு எங்கனா இருக்கும்ல. எங்க பொறந்த நீ?"

"பூந்தமல்லி ஆஸ்பத்திரி."

"போயி எடு. அதக் கொண்டாந்து மூஞ்சில அடி. உனக்கு இன்னும் ஒண்ற வருசம் கீது."

நகராட்சி அலுவலகத்துக்கு மூன்று தடவை போனாள். காலை ஷிப்டு முடிந்து பஸ் இறங்கி, சென்னீர்குப்பம் சந்திப்பில் ஷேர் ஆட்டோ பிடித்துப் போவதற்குள் வெயில் மண்டையில் ஏறியிருக்கும். மூன்றாம் தடவை கிடைத்தது. பெண் குழந்தை. தந்தை நாகப்பன், தாய் குப்பம்மாள். 14.11.2002. பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. யாரும் அன்றைக்குப் பிறகு போய்ப் பெயரைச் சேர்க்கவில்லை. அவள் நடைபாதையில் ஓரமாக நின்று அந்தத் தேதியைப் பல தடவை படித்தாள். தனக்கு இருபத்திரண்டு வயதுதான் என்று அம்மா சொல்லித் தெரியும். எழுத்தில் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஆபீஸ் அறைக்குப் போனாள். ஊழியர் விவரங்களைப் பார்த்துக்கொள்ளும் கார்த்திகா தனியாக இருந்தாள். அம்பாசமுத்திரத்துப் பெண். வானகரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று தோழிகளோடு தங்கியிருந்தாள். அதே குடியிருப்பில்தான் குப்பம்மா இப்போது படிக்கட்டும் வராந்தாவும் கூட்டித் துடைக்கிறாள் என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

கார்த்திகா சான்றிதழை வாங்கிப் படித்தாள். கணினியில் எதையோ திறந்து பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இத வேற யாருக்காவது காட்டினீங்களா?"

"சபீனாவுக்கு மட்டும், மேடம்."

"நீங்க மொதல்ல இங்க சேந்தது எப்பன்னு நெனவிருக்கா?"

"ரெண்டாயிரத்துப் பத்தொம்பது, ஜூன்."

"அப்ப இந்தப் பேப்பர்படி உங்களுக்கு எத்தன வயசு?"

ஜோதிகா வாய்க்குள் கணக்குப் போட்டாள். பதினாறு என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள்.

"பதினெட்டுக்குக் கீழ ஒருத்தர் லைன்ல நின்னாங்கன்னு ஆடிட்ல தெரிஞ்சா ஆர்டரே போயிரும். யாரு சொன்ன பொய், யாரு நம்புனாங்க, அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க. மொதல்ல உங்கள வெளிய அனுப்பிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாங்க." சான்றிதழை மடித்து அவள் கையிலேயே திணித்தாள். "இத நான் பாக்கல. நீங்களும் கொண்டுவரல. வயசு தாண்டிருச்சு, அவ்வளவுதான். பயிற்சிய இன்னும் ஒரு வருஷம் நீட்டச் சொல்லி நான் கேட்டுப் பாக்கேன். அதுக்குள்ள வயசு விதிய மாத்துனாலும் மாத்துவாங்க."

ஜோதிகா தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். பொய்யான தேதி அவளை நிரந்தரம் ஆக விடவில்லை. உண்மையான தேதி அவளை உள்ளேயே விடாது. அன்று பிற்பகல் இரண்டு பலகைகளில் தவறாக டேப் சுற்றினாள். சபீனா யாருக்கும் தெரியாமல் பிரித்துச் சரிசெய்தாள்.

வீட்டில் அவள் ஒரே ஒரு வரிதான் சொன்னாள்.

"வயசு தாண்டிப் போச்சாம்மா. இந்த வாட்டி இல்ல."

"அந்த சர்டிபிகேட்ட காட்டலையா?"

"அது செல்லாதாம்."

அவள் எப்போதும் குறைவாகப் பேசுகிறவள். அன்று இன்னும் நான்கு வரி பேசியிருக்கலாம். பதினாறு வயதில் வேலைக்குப் போனது குற்றம் என்று சொன்னால், அனுப்பிய அம்மா அதைத் தன் குற்றமாகப் பிடித்துக்கொள்வாள். அதனால்தான் சொல்லவில்லை. சான்றிதழை ரேஷன் அட்டை வைக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் செருகிவிட்டுத் துணி துவைக்கப் போனாள். அந்தக் கவர் எங்கே இருக்கும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஜூன் பதின்மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. குப்பம்மா குடியிருப்பில் லீவு சொன்னாள். பொங்கலுக்கு எடுத்த ஊதாப் புடவையைக் கட்டிக்கொண்டாள். பிளாஸ்டிக் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி அம்பத்தூருக்குப் போனாள். மகள் ஆறு வருடமாகப் போய்வரும் இடத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை.

கேட்டில் காவலுக்கு இருந்த பச்சையப்பன் அவளை நிறுத்தினார்.

"யம்மா, இன்னா வோணும்?"

"பெரிய சாரப் பாக்கணும் அண்ணாத்த. எம் பொண்ணு இங்கதான் வேல செய்யுது, ஜோதிகா."

"சொம்மா பாக்க முடியாது. இன்னா விஷயம்னு நோட்டுல எழுதணும்."

"எழுதிக்கோ. பொண்ணு வயசு தப்பா கீது, அத்த சரி பண்ணணும்."

பச்சையப்பன் வருகையாளர் பதிவேட்டில் அவள் பெயரை எழுதினார். காரணம் என்ற கட்டத்தில், மகள் வயது தவறாகக் கொடுத்தது சம்பந்தமாக என்று தெளிவான கையெழுத்தில் எழுதினார். பத்து மணி நாற்பது நிமிடம். குப்பம்மா கீழே கையெழுத்துப் போட்டாள்.

ஜோதிகாவை லைனிலிருந்து கூப்பிட்டபோது எதற்கென்று சொல்லவில்லை. ஆபீஸ் அறைக்குள் நுழைந்ததும் ஊதாப் புடவை தெரிந்தது. அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மேலாளர் ராகவன். மேசையில் விரித்து வைத்த சான்றிதழ். ஓரத்தில் கார்த்திகா தன் கணினித் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோ, அவளே வந்துட்டா. கேளுங்க சார், பொய் சொல்லத் தெரியாது இவளுக்கு. பொய் சொன்னது நானு. மூணு வயசுப் புள்ள சார். காது எங்க எட்டும்?" குப்பம்மா தன் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து, விரல்களை முடிக்குள் நிறுத்திக் காட்டினாள். "இங்கயே நின்னுபோச்சி. நாந்தான் தலைய சாய்ச்சித் தொட வெச்சேன்."

"அம்மா, வா போலாம்."

"நீ சும்மா இரு. சாரு பொறுமையா கேட்டுகினுகீறாரு."

ராகவன் உண்மையிலேயே பொறுமையாகத்தான் இருந்தார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்தார். குப்பம்மா குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"உங்க பொண்ணு இங்க எந்த வருஷம் வேலைக்கு வந்தாங்கம்மா?"

ஜோதிகா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். குப்பம்மா அவளைப் பார்க்கவில்லை. மகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒரு இடம் கிடைத்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பதினாறு வயசுலயே வந்துட்டா சார். அப்பலேந்து ஒரு நாளு ஒடம்பு சரியில்லன்னு படுத்ததில்ல. அப்பா காலு ஒடஞ்சி கெடந்தப்ப இவதான் ஊட்டப் பாத்துகினா. கொஞ்சம் மனசு வெய்ங்க."

ராகவன் சான்றிதழை மடித்து இரண்டு கையாலும் குப்பம்மாவிடம் கொடுத்தார். பார்க்கிறேன் என்றார். குப்பம்மா எழுந்து அவரைக் கும்பிட்டாள். கார்த்திகாவைப் பார்த்து, அடையாளம் தெரிந்தவளாகச் சிரித்தாள்.

ஜூன் பதினாறாம் தேதி தேர்வு நடந்தது. சபீனா தேர்வானாள். பதினெட்டாம் தேதி ஜோதிகா கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். பயிற்சிக் காலம் முடிந்துவிட்டது, நீட்டிப்பு இல்லை, மாதக் கடைசியோடு விடுவிக்கப்படுகிறார். காரணம் எதுவும் இல்லை. உடன் இருந்த பணிச் சான்றிதழ் 2022 பிப்ரவரியிலிருந்துதான் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடங்களில் அவள் அந்தக் கம்பெனியில் நின்றதற்கு எழுத்தில் எந்தத் தடயமும் இல்லை.

கைகழுவும் இடத்தில் கார்த்திகா பக்கத்துக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழும் சத்தத்தோடு சேர்த்துப் பேசினாள்.

"கேட் நோட்டுல எழுதிட்டாங்க ஜோதிகா. மை பேனால. அடுத்த மாசம் மறுபடி ஆடிட்டுக்கு வர்றவங்க அத ஒவ்வொரு பக்கமாப் புரட்டுவாங்க. நான் நீட்டிப்புக்கு எழுதி வாங்கி வச்சிருந்தேன். கையெழுத்துகூட ஆகிருந்துச்சு."

ஜோதிகா கையை உதறினாள். "சரி மேடம்."

"அம்மாகிட்ட சொல்லலையா நீங்க, அன்னைக்கே?"

ஜோதிகா குழாயை மூடினாள். ஈரக் கையை மேல்கோட்டில் துடைத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பினாள்.

கடைசி நாள் சபீனா பெயர் தைத்த தன் புதுச் சட்டையைப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பையில் மறைத்து வைத்திருந்தாள். பையின் வாயில் நீலத் துணி கொஞ்சம் தெரிந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். கரையான்சாவடி வந்தது.

"சர்டிபிகேட்ட எடுன்னு நான்தான் சொன்னேன்," என்றாள் சபீனா இறங்கும்போது.

"உம்மேல இன்னா இருக்கு. எறங்கு, பஸ்ஸ எடுத்துடப் போறான்."

வீட்டு வாசலில் குப்பம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மகள் கையில் அட்டை இல்லாததைக் கவனித்தாள். கழுத்தில் ஆறு வருடமாகத் தொங்கிய கயிறு இல்லாமல் அவள் வேறு மாதிரி இருந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"வயசுதாம்மா. விதி அப்டி. ஒண்ணும் பண்ண முடியாதாம்."

குப்பம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "நான் வந்து பேசுனது ஒண்ணுத்துக்கும் ஒதவலயா?"

ஜோதிகா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். நிதானமாக, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள்.

"ஒதவுச்சும்மா. நீ வந்ததாலதான் மூணு வருஷத்துக்கு நல்ல சர்டிபிகேட்டு எழுதிக் குடுத்தாங்க. இல்லன்னா அதுவும் தந்திருக்க மாட்டாங்க."

குப்பம்மாவின் முகம் தெளிந்தது. "நெனச்சேன். அந்த சாரு தங்கமான மனுசன்," என்று முறத்தை எடுத்துக்கொண்டாள்.

இப்போது ஜோதிகா சென்னீர்குப்பத்தில் ஒரு பார்சல் கிடங்கில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறாள். அங்கும் நின்றபடிதான் வேலை. அங்கும் பதினோரு மாத அட்டைதான். சேரும் அன்று படிவத்தில் பிறந்த தேதி கேட்டிருந்தது. வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற பெண் பேனாவுக்காகக் காத்திருந்தாள். ஜோதிகா யோசிக்காமல் 5.6.2001 என்று எழுதிப் பேனாவைக் கொடுத்தாள். பி.காம். விண்ணப்பத்தின் கடைசித் தேதி அதற்கு முந்தைய வாரமே போய்விட்டது.

மாலையில் அவள் வேலை முடிந்து வரும் நேரத்தில் தெருக்குழாயில் தண்ணீர் வரும். குடங்களோடு நிற்கும் பெண்களிடம் குப்பம்மா அந்தக் கதையை இன்னும் சொல்கிறாள். பஸ் மாறிப் போனது, நோட்டில் எழுதியது, குளிர் ரூமில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தது. "எம் பொண்ணுக்கோசரம் நேரா ஆபீசுக்கே போய்ட்டேன். இல்லன்னா சொம்மா வெறுங்கையோட அனுப்பிருப்பாங்க," என்று சொல்லிவிட்டு, கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காட்டுகிறாள். பெண்கள் சிரிக்கிறார்கள்.

"இல்லியா பாப்பா?"

"ஆமாம்மா," என்கிறாள் ஜோதிகா. நிரம்பிய குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குள் போகிறாள்.